வணிக விதிகளை வகை பிரிப்பது எப்படி? ஒரு மாங்கூழ் ஆலையை வைத்துப் பழகுவோம்

ஓசூரிலோ பெங்களூருவிலோ பிசினஸ் அனலிஸ்ட்டாக (வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டு மென்பொருள் எழுதுபவர்களுக்கு எடுத்துச் சொல்பவராக) சேர்ந்த சில வாரங்களிலேயே இந்த வேலை தலையில் விழும்: "கிளையண்ட்கிட்ட பேசி பிசினஸ் ரூல்ஸ் எல்லாம் எடுத்துட்டு வாங்க." போய்ப் பேசிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வருவோம். அதில் சட்டம், பழக்கவழக்கம், கணக்கு, முதலாளியின் விருப்பம், பழைய மென்பொருளின் கோளாறு எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். புரோகிராமருக்கு எது எந்த ரகம் என்று தெரியாது. எல்லாவற்றையும் ஒரே மாதிரி எழுதிவிடுவார். சீசன் சூடு பிடித்ததும் மென்பொருள் தேவையில்லாத இடத்தில் வழிமறிக்கும், மறிக்க வேண்டிய இடத்தில் சும்மா இருக்கும். மூன்றாம் நாள் எல்லாரும் நோட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

விதி கையில் கிடைத்ததும் அது என்ன வகை என்று கேட்கப் பழகினால் இந்தத் தலைவலியில் பெரும்பகுதி வராது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதுவதால், வங்கிக் கடன், விமான டிக்கெட் போன்ற வழக்கமான உதாரணங்களை விட்டுவிட்டு ஒரு மாங்கூழ் ஆலையை எடுத்துக்கொள்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் ஓர் ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். லோடு கேட்டுக்கு வருவது, எடை போடுவது, தரம் பார்ப்பது, பழுக்க வைப்பது, கூழாக்கி டிரம்மில் அடைப்பது, அனுப்புவது, பணம் கொடுப்பது என எல்லாவற்றுக்கும் ஒரே மென்பொருள் கேட்கிறார்கள். ஆலையின் விலை, சதவீதம் எல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்தவை. சட்டம் சார்ந்த எண்கள் மட்டும் நிஜம்.

முதலில், எது விதி இல்லை என்று பாருங்கள்

"தரமான பழத்தை மட்டும்தான் வாங்குவோம்" என்று மேனேஜர் சொன்னால் அது கொள்கை. அதை வைத்துக்கொண்டு கேட்டில் நிற்பவரால் ஒரு லோடைக்கூடத் திருப்பி அனுப்ப முடியாது. "அழுகல் 8 சதவீதத்துக்கு மேல் உள்ள பெங்களூரா ரக மாங்காய் லோடை ஏற்கக் கூடாது" என்பதுதான் விதி. அதைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் முடிவெடுக்கலாம். "அழுகல் சதவீதத்தைப் பதிய திரையில் ஓர் இடம் வேண்டும்" என்பது மென்பொருளுக்கான தேவை. "லோடு வந்ததும் டோக்கன் போடுவோம், அப்புறம் எடைமேடைக்கு அனுப்புவோம்" என்பது வேலை நடக்கும் வரிசை.

நாலும் கலந்துதான் பேச்சில் வரும். பிரிக்க ஓர் எளிய சோதனை உண்டு. நாளைக்குக் கம்ப்யூட்டரே இல்லை, எல்லாம் நோட்டில்தான் என்றால் இந்த வாக்கியம் அப்போதும் இருக்குமா? இருக்கும் என்றால் அது விதியாக இருக்க வாய்ப்பு அதிகம். "பத்து இலக்கத்துக்குக் குறைவாக இருந்தால் மொபைல் எண்ணை ஏற்காது" என்பது போன்றவை இந்தச் சோதனையில் உதிர்ந்துவிடும். பழைய மென்பொருளில் இப்படித்தான் இருந்தது என்பதற்காக ஆலையின் விதியாக நினைத்துக்கொண்டிருப்பவை பல. அவற்றை அப்படியே புதியதிலும் ஏற்றிவிடாதீர்கள்.

அடுத்து, சொற்களும் உண்மைகளும்

விதி எழுதும் முன்னால் விதியில் வரும் பெயர்களுக்குப் பொருள் முடிவாக வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் பின்னால் வரும் சண்டைகளில் முக்கால்வாசி இங்கேதான் பிறக்கிறது.

"லோடு" என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டில் இருப்பவருக்கு லோடு என்றால் ஒரு வண்டி. கணக்குப் பிரிவுக்கு லோடு என்றால் ஒருவருக்குப் போடும் ஒரு பில். ஒரே டெம்போவில் மூன்று தோட்டக்காரர்கள் காய் ஏற்றி அனுப்பினால்? கேட்டுக்கு அது ஒரு லோடு, கணக்குக்கு மூன்று. இது தெரியாமல் "ஒரு லோடுக்கு ஒரு டோக்கன், ஒரு பில்" என்று எழுதினால் முதல் வாரத்திலேயே யாருக்கோ போக வேண்டிய பணம் வேறு யாருக்கோ போகும்.

ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருப்பதும் சகஜம். கொள்முதலில் பெங்களூரா என்பார்கள், ஏற்றுமதிப் பத்திரத்தில் அதே பழம் தோத்தாபுரி என்று இருக்கும். இரண்டையும் இரண்டு ரகமாகப் பதிந்துவிட்டால் இருப்புக் கணக்கு ஒருநாளும் ஒத்துப்போகாது.

சொற்கள் முடிவானதும் அவற்றுக்கு இடையில் உள்ள உறவை எழுதுங்கள். ஒரு வண்டியில் ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட தோட்டக்காரர்களின் காய் இருக்கலாம். ஒரு டிரம்மில் ஒரே ரகத்துக் கூழ்தான் இருக்கும். ஒவ்வொரு டிரம்மும் ஒரே ஒரு பேட்ச்சை, அதாவது ஒரே தடவையில் தயாரான கூழைச் சேர்ந்தது. இவற்றை உண்மைகள் என்று சொல்வோம். யாரையும் எதையும் செய்யச் சொல்லாத வாக்கியங்கள் இவை. ஆனால் டேட்டாபேஸ் எப்படி இருக்க வேண்டும் என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன.

உண்மைகளும் மாறும் என்பதை மறக்க வேண்டாம். 2004 பிப்ரவரி 9ஆம் தேதி தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. பழைய ஆவணங்களில் போச்சம்பள்ளித் தோட்டக்காரர் தருமபுரி மாவட்டத்துக்காரராக இருப்பார், புதியதில் கிருஷ்ணகிரிக்காரராக இருப்பார். பழைய பதிவுகளை ஏற்றும்போது இரண்டு வேறு ஆட்கள் என்று கம்ப்யூட்டர் நினைத்துவிடும்.

இப்போது பெரிய கேள்வி: இதை யாராவது மீற முடியுமா?

வகைப்பாடுகள் பல உண்டு. சிலர் ஐந்து வகை என்பார்கள்: உண்மை, கட்டுப்பாடு, செயலைத் தூண்டுவது, ஊகித்து அறிவது, கணக்கிடுவது. பிசினஸ் அனலிஸ்ட்டுகளுக்கான சர்வதேச அமைப்பான ஐஐபிஏ 2015இல் வெளியிட்ட பாபோக் வழிகாட்டியின் மூன்றாம் பதிப்பு இரண்டாகத்தான் பிரிக்கிறது: வரையறை விதி, நடத்தை விதி. ஓஎம்ஜி என்ற தரநிலை அமைப்பு வணிகச் சொற்களையும் விதிகளையும் எழுதுவதற்காக 2008இல் கொண்டுவந்த எஸ்பிவிஆர் தரநிலையிலும் இதே இரண்டுதான் அடிப்படை. புதிதாக வருகிறவர்கள் எந்தப் பட்டியல் சரி என்று குழம்ப வேண்டியதில்லை. இரண்டாகப் பிரிக்கப் பழகினால் ஐந்தும் அதற்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். என் கணிப்பில் முதல் ஆறு மாதத்துக்கு இந்த இரண்டே போதும்.

பிரிக்கும் வழி அந்தக் கேள்விதான். "நிகர எடை என்பது மொத்த எடையிலிருந்து வண்டி எடையைக் கழித்தது." இதை யாராவது மீற முடியுமா? முடியாது. தப்பாகக் கணக்குப் போடலாம், தப்பான எண்ணைப் பதியலாம், ஆனால் நிகர எடை என்பதன் பொருள் மாறாது. இது வரையறை விதி.

"பழுக்க வைக்கக் கால்சியம் கார்பைடு பயன்படுத்தக் கூடாது." இதை மீற முடியுமா? தாராளமாக முடியும், அதனால்தான் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள். கார்பைடு வாயுவால் பழுத்த பழத்தை விற்பதை 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை தடை செய்கிறது. மாற்றாக எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை பயன்படுத்த அனுமதி உண்டு. இது நடத்தை விதி. ஓர் ஆள் ஒன்றைச் செய்வதையோ செய்யாமல் விடுவதையோ பற்றியது.

இந்தப் பிரிவு மென்பொருளில் எங்கே வந்து நிற்கிறது? வரையறை விதியைக் கம்ப்யூட்டரே செய்துவிட வேண்டும். நிகர எடையை ஒருவர் தட்டச்சு செய்ய இடமே கொடுக்கக் கூடாது. நடத்தை விதிக்கோ, மீறினால் என்ன ஆகும் என்று கேட்டே ஆக வேண்டும். இதைக் கேட்காமல் வந்துவிட்டால் திரும்ப ஒரு பயணம் நிச்சயம்.

வரையறை விதிகளில் கணக்கு

கணக்கு விதி பார்க்க எளிது, அதனால்தான் ஏமாற்றும். ஒரு வண்டியின் மொத்த எடை 9,840 கிலோ, காலி வண்டி 3,620 கிலோ. நிகரம் 6,220. காய் கிரேட்டில் (பெட்டியில்) வந்திருக்கிறது: 200 கிரேட், ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ, ஆக 300 கிலோ. கழிவு 3 சதவீதம். விலை கிலோ 18 ரூபாய்.

முதலில் கிரேட் எடையைக் கழித்தால் 5,920 கிலோ. அதில் 3 சதவீதக் கழிவு போனால் 5,742.4 கிலோ. மாறாக, முதலில் கழிவைப் போட்டுவிட்டுப் பிறகு கிரேட்டைக் கழித்தால் 5,733.4 கிலோ. வித்தியாசம் 9 கிலோ, 162 ரூபாய். தோட்டக்காரர் கிரேட்டுக்கும் கழிவு கொடுத்த கதையாகிவிடுகிறது. அவர் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்ப்பார், மறுநாள் காலையில் கேட்டில் நிற்பார். அப்போது மேனேஜர் உங்களைத்தான் தேடுவார்.

ஆகவே கணக்கு விதி எழுதும்போது சூத்திரத்தோடு நிற்காதீர்கள். எதை முதலில் கழிப்பது, தசமத்தை எந்தக் கட்டத்தில் முழுமையாக்குவது, மேலாகவா கீழாகவா, எந்த அலகு என்று எழுதுங்கள். கூடவே நிஜமான பழைய பில் இரண்டு மூன்றை வாங்கி உங்கள் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். சொல்வது ஒன்று, பில்லில் இருப்பது வேறு என்பது அடிக்கடி நடக்கும். ஏமாற்றுகிறார்கள் என்று பொருளில்லை. கையால் போட்டுப் பழகியவருக்குத் தான் எந்த வரிசையில் போடுகிறோம் என்பதே நினைவில் இருக்காது.

வரையறை விதிகளில் ஊகம்

தெரிந்த தகவலிலிருந்து புதிய தகவலைப் பெறுவது இது. இரண்டு மாநில எல்லை ஒட்டிய நம் மாவட்டத்தில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதே இல்லை. கூழ் ஓசூருக்குப் போனால் ஒரு வரி, கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளியைத் தாண்டிப் போனால் வேறு வரி. சரக்கு போய்ச் சேரும் இடம் தமிழ்நாட்டுக்குள் இருந்தால் சிஜிஎஸ்டியும் (மத்திய அரசின் பங்கு) எஸ்ஜிஎஸ்டியும் (மாநில அரசின் பங்கு), வேறு மாநிலமாக இருந்தால் ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கு இடையிலான வரி). பில் போடுபவர் இதைத் தேர்வு செய்யத் தேவையில்லை. மென்பொருள் ஊகித்துக்கொள்ளலாம்.

எதை வைத்து ஊகிப்பது என்பதில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். வாங்குபவர் சென்னை நிறுவனம், ஆனால் "சரக்கைப் பெங்களூருவில் எங்கள் வாடிக்கையாளரிடம் இறக்கிவிடுங்கள்" என்கிறார். வண்டி மாநிலம் தாண்டுகிறது. ஆனாலும் இப்படி ஒருவர் சொல்லி இன்னொருவரிடம் இறக்கும்போது, சொன்னவரின் முதன்மைத் தொழிலிடமே விநியோக இடம் (எந்த வரி என்பதைத் தீர்மானிக்கும் இடம்) என்று ஐஜிஎஸ்டி சட்டம் சொல்கிறது. ஆகவே ஆலை சென்னை நிறுவனத்துக்குப் போடும் பில்லில் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும்தான் வரும். "மாநிலம் தாண்டினால் ஐஜிஎஸ்டி" என்று ஒற்றை வரியில் எழுதி வைத்திருந்தால் இந்த பில் தப்பாகப் போயிருக்கும். வரி விஷயத்தில் ஆலையின் ஆடிட்டரிடம் உட்காராமல் எந்த விதியையும் முடிக்காதீர்கள்.

தூண்டும் விதிகள்

ஒன்று நடந்தால் இன்னொன்றைச் செய் என்பது. எத்திலீன் அறையின் வெப்பம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் சூப்பர்வைசருக்குச் செய்தி அனுப்பு, கூழின் பிரிக்ஸ் அளவு (இனிப்பைக் காட்டும் அளவு) ஒப்பந்தத்தில் உள்ளதைவிடக் குறைந்தால் அந்த பேட்ச்சைத் தனியே நிறுத்து, இப்படி. எழுதுவது எளிது. எது நடந்தால், எந்த நிலையில், யார், எதைச் செய்ய வேண்டும் என்று நாலும் வாக்கியத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நடத்தை விதியும் அதன் கெடுபிடியும்

இங்கேதான் நிதானமாக நேரம் செலவழிக்க வேண்டும். கேட்டில் இருக்கும் பெரியவரிடம் பேசினால் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

"எட்டு மணிக்கு மேல டோக்கன் கிடையாதுங்க."

"அதுக்கு மேல வண்டி வந்தா என்னண்ணா பண்ணுவீங்க?"

"தூரத்து வண்டின்னா விட்டுடுவோம். மழை வர்ற மாதிரி இருந்தா விட்டுடுவோம். முதலாளி போன் பண்ணிட்டா அப்புறம் கேக்கவே வேண்டாம்."

முதல் வரியை மட்டும் எழுதிக்கொண்டு வந்திருந்தால் எட்டு மணிக்கு மென்பொருள் கேட்டைப் பூட்டிவிடும். வெளியே ரோட்டில் வரிசையாக வண்டி நிற்கும், காய் வெந்துபோகும். அவர் சொன்ன மூன்றும் ஒரே ரகம் இல்லை என்பதைக் கவனியுங்கள். தூரத்து வண்டி, மழை ஆகிய இரண்டும் விதிவிலக்குகள். அவற்றை விதியோடு சேர்த்து எழுதலாம்: எத்தனை கிலோமீட்டருக்கு மேல் தூரம், மழை என்று யார் முடிவு செய்வது என்று கேட்டுத் தெளிந்துகொண்டு. மூன்றாவது விதிவிலக்கே இல்லை. அது அதிகாரம். யாருக்கு விதியைத் தளர்த்தும் உரிமை இருக்கிறது என்ற தகவல் அது.

இதற்காகவே கெடுபிடியின் அளவைப் பல படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அறவே அனுமதிக்காதது ஒரு முனை. கார்பைடு அந்த ரகம், அதற்கு முதலாளி போன் செய்தாலும் கிடையாது. அடுத்தது, முன்கூட்டியே அனுமதி பெற்றவர் மட்டும் மீறலாம் என்பது. எட்டு மணிக்கு மேல் டோக்கன் போட மேனேஜரின் ஒப்புதல் எண் வேண்டும் என்று வைத்தால் இந்த ரகம். அப்புறம், இப்போது மீறிக்கொள், நாளைக்குக் காரணம் காட்டு என்பது. இரவு ஷிப்ட்டில் மேலதிகாரி இல்லாத நேரங்களுக்கு இது உதவும். மீறும்போதே காரணம் எழுதினால் போதும் என்பது அதற்கும் கீழே. கடைசியில் வெறும் அறிவுரை: "முடிந்தவரை காலை ஏழு மணிக்குள் வந்த வண்டியை முதலில் இறக்கவும்." அதை மென்பொருள் திரையில் காட்டினால் போதும், தடுக்க வேண்டாம்.

ஒவ்வொரு நடத்தை விதிக்கும் இதில் எந்தப் படி என்று மென்பொருளை வாங்குபவரிடமே கேளுங்கள். நீங்களாக முடிவு செய்யாதீர்கள். கேட்டால் முதலில் எல்லாருமே "ஸ்ட்ரிக்ட்டா வெச்சுருங்க" என்றுதான் சொல்வார்கள். உடனே தலையாட்டாமல், போன சீசனில் அந்த விதி எப்போது மீறப்பட்டது, அப்போது என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்போது படி தானாக இறங்கும்.

தேவைக்கு மேல் கெடுபிடி வைத்தால் என்ன ஆகும்? அழுகல் 8 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ஆகாது என்று பூட்டினால், யாரும் 8.5 என்று எழுத மாட்டார்கள். எல்லாரும் 7.9 என்று எழுதுவார்கள். விதி காகிதத்தில் காப்பாற்றப்படும், ஆலைக்கு உண்மையான அழுகல் கணக்கு கிடைக்காது. ஒரு துறையின் பதிவுகளில் எல்லையை ஒட்டியே எண்கள் குவிந்திருந்தால், அங்கே கெடுபிடி தவறான இடத்தில் இருக்கிறதோ என்று நான் முதலில் சந்தேகப்படுவேன். 8.5 என்று எழுதவும் விட்டு, மேனேஜர் ஒப்புதலும் கேட்டால் உண்மை நிலவரம் கிடைக்கும்.

சட்டம் சொல்வதும் ஆலை சொல்வதும்

இ-வே பில்லை, அதாவது சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி தளத்தில் எடுக்க வேண்டிய மின்னணுச் சீட்டை எடுத்துக்கொள்வோம். மாநிலம் தாண்டும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு வரம்பு ஒரு லட்சம். புதிய மாம்பழத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் பழ வண்டிக்கு இ-வே பில் தேவையில்லை, அதே பழத்தின் கூழுக்குத் தேவை. சட்டம் இவ்வளவுதான் சொல்கிறது. "இ-வே பில் எண் இல்லாமல் டிரம் வண்டிக்குக் கேட் பாஸ் தரக் கூடாது" என்பது ஆலையின் விதி. சட்டத்தை நிறைவேற்ற ஆலை தானாக வைத்துக்கொண்டது. சட்டத்தை ஆலையால் மாற்ற முடியாது, இதை முடியும். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் "மூலம்" என்று ஒரு பத்தி வைத்து, சட்டமா, ஒப்பந்தமா, ஆலையின் முடிவா, வெறும் பழக்கமா என்று எழுதி வையுங்கள். பழக்கம் என்று வந்தவற்றைத்தான் பிறகு பேசிக் குறைக்க முடியும்.

வெளியிலிருந்து வரும் விதி சொல்லிக்கொண்டு வராது. 2025 ஜூனில், சீசன் நடுவில், வெளி மாநிலப் பெங்களூராக் காய் மாவட்டத்துக்குள் வர ஆந்திராவின் சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. அங்கே உள்ள ஓர் ஆலையின் மென்பொருளை நீங்கள் எழுதியிருந்ததாக நினைத்துப் பாருங்கள். காய் எந்த மாநிலத்துத் தோட்டத்தில் விளைந்தது என்று பதிந்திருக்கிறீர்களா? அனுப்பியவரின் முகவரி இருக்கும். அவர் வியாபாரியாக இருந்தால் அந்த முகவரிக்கும் தோட்டத்துக்கும் தொடர்பே இருக்காது. உண்மைகளை எழுதும்போது தோட்டம் வேறு, அனுப்பியவர் வேறு என்று பிரித்திருந்தால் இந்த விதியை அரை நாளில் சேர்த்துவிடலாம்.

வரி வீதங்களும் அப்படித்தான். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியில் 12 சதவீதப் படி எடுக்கப்பட்டு, அதில் இருந்த பெரும்பாலான பொருட்கள் 5க்கு இறங்கின. வீதத்தைப் புரோகிராமுக்குள் எழுதி வைத்தவர்கள் அந்த வாரம் தூங்கியிருக்க மாட்டார்கள். விதி என்பது "பில் தேதியில் அமலில் உள்ள வீதத்தால் கணக்கிடு" என்று இருக்க வேண்டும். வீதம் தேதியோடு ஓர் அட்டவணையில் இருக்கட்டும். ஜூலையில் அடைத்த டிரம்மை டிசம்பரில் விற்றால் எந்தத் தேதியின் வீதம் என்று கேட்டுத் தெளிவதும் இதோடு சேர்ந்த வேலை. தினமும் மாறும் காய் விலையும் இப்படி அட்டவணைக்குப் போக வேண்டிய தகவல்தான்.

நிபந்தனைகள் கூடினால் அட்டவணை

ரகம், காயின் அளவு, அழுகல் மூன்றையும் பார்த்துத் தரம் முடிவு செய்கிறார்கள் என்றால் அதை வாக்கியங்களாக எழுதினால் படிப்பவருக்குத் தலை சுற்றும். முடிவு அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு வரிசையும் ஒரு விதி: பெங்களூரா, பெரிய காய், அழுகல் 4 சதவீதம் வரை என்றால் முதல் தரம். இதற்கென்றே ஓஎம்ஜி வெளியிட்ட டிஎம்என் என்ற தரநிலை இருக்கிறது. ஆரம்பத்தில் எக்செல் போதும்.

அட்டவணையில் இரண்டு ஓட்டைகளைத் தேடுங்கள். ஒரு வரிசை "4 வரை", அடுத்தது "4 முதல் 8 வரை" என்று இருந்தால் சரியாக 4 வந்தால் எது? அடுத்து, எந்த வரிசையிலும் சேராத கலவை இருக்கிறதா? ரகம் மூன்று, அளவு இரண்டு, அழுகல் படி மூன்று என்றால் 18 கலவை வர வேண்டும். உங்களிடம் 14 வரிசைதான் இருந்தால் மீதி நாலும் எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் "அந்த மாதிரி வராதுங்க" என்பார்கள். வந்தால் என்ன செய்வீர்கள் என்று இன்னொரு தடவை கேளுங்கள்.

எழுதும் முறை

ஒரு வாக்கியத்தில் ஒரே விதி. "மற்றும்", "அல்லது" வந்தால் பெரும்பாலும் இரண்டு விதி ஒட்டிக்கொண்டிருக்கும், பிரித்துவிடுங்கள். விதிக்கு ஓர் எண், மூலம், பொறுப்பாளர், அமலாகும் தேதி, நடத்தை விதியானால் கெடுபிடியின் படி.

வாக்கியத்தின் முடிவையும் ஒரு வழக்கமாக வைத்துக்கொள்ளலாம். வரையறை விதிகளை "எனப்படும்", "கணக்கிடப்படும்", "கருதப்படும்" என்று முடியுங்கள். நடத்தை விதிகளை "வேண்டும்", "கூடாது", "இருந்தால் மட்டுமே செய்யலாம்" என்று முடியுங்கள். "நிகர எடை மொத்த எடையிலிருந்து வண்டி எடையைக் கழித்துக் கணக்கிடப்பட வேண்டும்" என்று எழுதினால் யாரோ அதைச் செய்ய வேண்டும், செய்யாமலும் விடலாம் என்ற தொனி வந்துவிடுகிறது. புரோகிராமரும் அதற்கு ஓர் உள்ளீட்டுப் பெட்டி போட்டுவிடுவார்.

எழுதியதை ஆலையில் இருப்பவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள், மெயிலில் அனுப்பிவிட்டு ஒப்புதலுக்குக் காத்திருக்காதீர்கள். எடைமேடைக்காரர் முன்னால் உட்கார்ந்து வாசித்தால் இரண்டாவது விதியிலேயே "அப்படி இல்லைங்க" என்பார். அந்தக் குரலுக்காகத்தான் வாசிப்பது.

பழகிப் பார்க்க

கிளையண்ட் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நம் பக்கம் விதிகள் சத்தமாகப் பேசப்படும் இடங்கள் நிறைய. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, ராயக்கோட்டை தக்காளி மண்டி, தருமபுரியில் அரசு பட்டுக்கூடு அங்காடி. ஒரு காலைப் பொழுது நின்று, காதில் விழுந்த பத்து விதிகளை எழுதி வாருங்கள். ஒவ்வொன்றையும் மீற முடியுமா என்று கேட்டுப் பிரியுங்கள். மீற முடிபவற்றுக்கு, மீறினால் அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள்: தடுக்கிறார்களா, திட்டிவிட்டு விடுகிறார்களா, கண்டுகொள்வதே இல்லையா. பட்டுக்கூடு அங்காடி இதற்கு நல்ல இடம். அரசு வைத்த விதி, வாங்குபவர்களுக்குள் இருக்கும் வழக்கம், தரம் பார்க்கும் முறை மூன்றும் ஒரே ஏலத்தில் கலந்து வரும், மூலத்தைப் பிரித்து எழுத நல்ல பயிற்சி.

ஏலம் நடக்கும்போது கேள்வி கேட்காதீர்கள், யாருக்கும் பதில் சொல்ல நேரம் இருக்காது, கோபமும் வரும். கூட்டம் கலைந்து கணக்கு முடிக்கும் நேரத்தில் போனால் விதிவிலக்குகள் வரை எல்லாம் சொல்வார்கள்.